பச்சை மூடி

மழை ஓய்ந்த கார்த்திகைக் காலையில், கடலோர வீட்டின் பின்படிக்கு ஒரு பச்சை மூடி நடந்து வந்தது. குடியிருக்கச் சங்கு கிடைக்காத நண்டொன்று அதை முதுகில் சுமந்திருந்தது. மூடியின் விளிம்பிலிருந்த பல் தடத்தைக் கண்டதும் கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்தார். எண்ணெய்க் குப்பியைப் பல்லால்தான் திறப்பாள் அவர் மனைவி ரெஜினா. நாற்பதாண்டுக் காலம் அவர் கண்டித்தும் திருந்தவில்லை. அவள் இறந்தபின், மகள் வீட்டைத் துப்புரவாக்கி யாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டாள். ஒரு சீப்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்ற சினம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

நண்டிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. நல்ல சங்குகளாகப் பொறுக்கிவந்து படியில் அடுக்கினார்.

“நண்டுக்கு வீடு காட்டுறியளா, மாமா?” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயசீலி.

“ஆமா. அது இப்ப இருக்கது எங்க வீடுல்லா.”

நண்டு தினமும் வந்து, ஒவ்வொரு சங்கையும் காலால் தடவிப் பார்த்துவிட்டு, மூடியோடு திரும்பியது. பத்தாம் நாள் மூடியைப் படியிலேயே விட்டுவிட்டு, ஒரு சங்குக்குள் நுழைந்துகொண்டு போய்விட்டது. அன்று முழுதும் அவர் மூடியைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் படிக்கு எதுவும் நடந்து வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சங்குகளையெல்லாம் அள்ளி அகற்றினார். மூடியை மட்டும், நண்டு நுழைய வாகாகப் படியில் சாய்த்து வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.