பெரிய காங்கோவின் பிடிவாதம்

இசைக்கருவிக் கடையில் ஒரு சின்ன காங்கோ டிரம்மும் ஒரு பெரிய காங்கோ டிரம்மும் அருகருகே நின்றன.

"வர்றவங்களுக்கு என்னை மாதிரி கணீர்னு இருந்தாத்தான் பிடிக்குது. நீயும் கொஞ்சம் இறுகிக்கயேன்" என்றது சின்னது.

"கிழிஞ்சாலும் கிழிவேன், கீச்சுன்னு பேச மாட்டேன்" என்றது பெரியது.

கடைக்காரர் ஸ்பேனரால் அதன் தோலை எவ்வளவு இறுக்கியும், 'டொக்' என்பதற்குமேல் அது வாய் திறக்கவில்லை.

ஒருநாள் ஒல்லியான பெண் ஒருத்தி வந்தாள். மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். பெரியதன் தோலைத் தானே தளர்த்தி, நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"அது ஆம்பளைங்க வாசிக்கிறதும்மா. உங்களுக்குச் சின்னதுதான் சரிப்படும்" என்றார் கடைக்காரர்.

"இத்தனை நாள் என்னைச் சின்னதாக்கப் பாத்தே, இப்ப இவளையுமா?" என்று உறுமியது பெரிய காங்கோ. "இன்னொண்ணு போடும்மா."

அவள் போட்டாள். கடைக்காரர் அதற்குமேல் சொன்னது யார் காதிலும் விழவில்லை.