மூணாவது பெட்டி

"பத்து சுத்து! ஒத்தப் பெட்டி கவுறாம உன் ரயிலு பத்து சுத்து வந்துருச்சுன்னா, இந்தா... இந்த மீசைய எடுத்துருதேன்!"

டீக்கடை பெஞ்சுல உக்காந்து மகாராஜா அண்ணாச்சி சவால் விட்டாரு. வாய்க்கொழுப்பு, வேற என்னத்தச் சொல்ல?

அண்ணாச்சிக்கு திரேஸ்புரத்துல மீன்வலைக் கடை. மீசை ரெண்டு பக்கமும் கெடாக்கொம்பு கணக்கா நிக்கும். அந்த மீசைக்கு அடியில ஒரு தழும்பு இருக்கு. பொறக்கும்போதே பிளந்திருந்த மேலுதட்டத் தச்ச தழும்பு. இங்கன யாருக்கும் தெரியாது, கட்டுன பொண்டாட்டியத் தவிர. மொளைச்ச நாள்ல இருந்து மீசையில கத்தி பட்டதில்ல.

எதிராளி டேவிட்சன். துறைமுகத்துல கிரேன் ஓட்டுதவன். பகல் பூரா வீடு தண்டிக் கண்டெய்னரத் தூக்கி எறக்கிட்டு, சாயங்காலம் வீட்டுல சாண் நீள ரயில் பெட்டிய உருட்டிக்கிட்டு கெடப்பான். சீட்டு, ஜன்னலு, விளக்கு, உள்ள உக்காந்திருக்க ஆளு, எல்லாம் அவன் கைவேலை.

"நாப்பது வயசுல பொம்ம ரயிலாலே?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"நீங்க மீசை வளக்கலியா அண்ணாச்சி? அது மாதிரிதான் இது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இம்புட்டு வினை. மூணு ஞாயித்துக்கிழமை தவணை. தோத்தா டேவிட்சன் தெருவுக்கே பஜ்ஜி வாங்கிப் போடணும்.

மொத ஞாயிறு. டேவிட்சன் வீட்டுத் தரையில, ஒம்பது பெட்டியோட அவன் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கெளம்புச்சு. ரெண்டாவது சுத்துலயே, வளைவுல மூணாவது பெட்டி பொத்துன்னு சாஞ்சுது.

"ஏலே, உள்ள இருந்த சனத்துக்கு ஆம்புலன்ஸச் சொல்லு!"

"பிளாஸ்டிக் சக்கரம் அண்ணாச்சி. இரும்புச் சக்கரம் போட்டா நின்னுரும்."

போட்டான். மறு ஞாயிறு ஆறு சுத்து ஓடுச்சு. ஏழாவதுல அதே வளைவு, அதே பெட்டி.

டேவிட்சன் தலையச் சொறிஞ்சான். மறுநாளு காலையில எங்கன வந்து நிக்கான்? அண்ணாச்சி கடையில!

"வலையில கட்டுத ஈயக்குண்டு கொஞ்சம் தாங்க அண்ணாச்சி. இருக்கதுலயே சின்னது."

"எதுக்குலே? மீன் பிடிக்கவா?"

"ஒங்க மீசையப் பிடிக்க. பெட்டியில கனம் பத்தல. அதான் சாயுது."

அண்ணாச்சி கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே நிறுத்துக் கொடுத்தாரு. அவன் தெருமுனை தாண்டுனப்புறம்தான் கை தானா மீசைக்குப் போச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் சும்மா நடந்து போறாப்புல போயி, டேவிட்சன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு.

ரயிலு ஓடுது. பெட்டிக்குள்ள விளக்கு எரியுது. ஜன்னலுக்கு ஜன்னல் உளுந்து தண்டிக்கு ஒரு தலை. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, யாருகிட்டயும் சொல்லிராதிய. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாரு. பத்து தாண்டிருச்சு. பதினாலு சுத்து! மூணாவது பெட்டி அந்த வளைவுல புதுமாப்பிள்ள கணக்கா நிமிந்து போவுது.

அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்துச்சு. துண்டை எடுத்து மொகத்த அழுத்தித் தொடச்சாரு. அரிசியின்னா கல்லு கலக்கலாம், ஈயத்துல என்னத்தக் கலக்க?

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னு மீசைய விரலால விலக்குனாரு. குலசேகரன்பட்டினத்துப் பள்ளிக்கூடத்துல பயலுவ கூப்பிட்ட பேரு அப்படியே காதுல கேட்டுது. விலக்குன மீசைய திரும்ப இழுத்து விட்டுக்கிட்டாரு.

மூணாவது ஞாயிறு. நாலு மணிக்கு ஓட்டம். அண்ணாச்சி மூணரைக்கே போயாச்சு.

"வாங்க அண்ணாச்சி"ன்னா டேவிட்சன் பொண்டாட்டி பிளாரன்ஸ். "அவுக ஆளுவளக் கூப்பிடப் போயிருக்காவ. இருங்க, காப்பி போடுதேன்."

அவ அடுப்படிக்குள்ள போனாளோ இல்லையோ, அண்ணாச்சி மூணாவது பெட்டியத் தூக்கிட்டாரு. மேல்கூரை டப்பா மூடி கணக்கா கழண்டு வந்துச்சு. ஈயத்த எடுக்க ரெண்டு விரல உள்ள விட்டாரு.

ஒண்ணுமில்ல.

காஞ்ச பசைத் தடம் நாலு இருக்கு. குண்டு ஒண்ணக்கூடக் காணோம்.

'நமக்கு முன்னால எவம்லே கை வச்சது?'

வாசல்ல செருப்புச் சத்தம். பெட்டிய மூடி வச்சிட்டு, ஃபேன இன்னிக்குத்தான் மொத மொதல்ல பாக்க மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு.

தெருவே வந்து கூடிருச்சு. டேவிட்சன் சுவிட்சத் தட்டுனான். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலாவது சுத்து, வளைவு. பொத்து!

"பஜ்ஜி! பஜ்ஜி!"ன்னு ஒரே கூப்பாடு.

"நீ கிரேனுக்குத்தாம்லே லாயக்கு!"ன்னான் ஒருத்தன். டேவிட்சன் நெத்தியில அடிச்சுக்கிட்டு, "சொல்லிட்டேன்லா, கடையில போயி வாங்குங்க, பின்னாலயே வாரேன்"னான். கூட்டம் டீக்கடைப் பக்கம் ஓடிருச்சு. ரெண்டு பேருதான் மிச்சம்.

சாஞ்ச பெட்டிய எடுக்க டேவிட்சன் குனிஞ்சான். சட்டைப் பையில இருந்து நாலு ஈயக்குண்டு தரையில உருண்டுச்சு. ஒண்ணு நேரா அண்ணாச்சி கால்கிட்ட வந்து நின்னுது. அவரு கடைச் சரக்கு அவருக்குத் தெரியாதா?

"ஏலே... நேத்து பதினாலு சுத்து ஓடுச்சே!" வாய் தவறி வந்துருச்சு. "பொறவு ஏம்லே இதைக் கழட்டுன?"

டேவிட்சன் தல நிமிரல. குண்ட ஒவ்வொண்ணாப் பொறுக்குனான்.

"நேத்து நீங்க ஜன்னல்ல நின்னத நானும் பாத்தேன் அண்ணாச்சி. வேர்வையத் தொடச்சியள்லா... மீசை நனைஞ்சு ரெண்டா பிரிஞ்சிருந்துச்சு. வாங்க, பஜ்ஜி ஆறிரும்."