சொன்னது சொன்னபடி

"நீலவேணி இந்த முறையும் வரவில்லை," என்றாள் நேர்ஸ் நூரியா. "இது மூன்றாவது தடவை. மாத்திரை முடிந்தே ஆறு வாரம் ஆகிவிட்டது."

லண்டனில் ஒரு எச்.ஐ.வி. கிளினிக். நூரியா ஸ்பெயின்காரி. ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளை அவளே பார்த்துக்கொள்வாள். தமிழ் என்றால் மொழிபெயர்ப்பாளர் விஜயரத்தினம் வரவேண்டும். டை கட்டிக்கொண்டு மோர்டனிலிருந்து வருவார். பதினொரு வருட அனுபவம். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

"எங்கள் சனம் அப்படித்தான்," என்றார் ஆங்கிலத்தில். "எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது."

நூரியாவுக்கு மனசு கேட்கவில்லை. "நீலவேணி ஒழுங்காகத்தானே வந்துகொண்டிருந்தார்? மாத்திரையை விட்டால் செத்துப்போவார். அதை அப்படியே சொல்லுங்கள்."

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, கிளினிக்கில இருந்து விஜயரத்தினம் கதைக்கிறன்."



"சொல்லுங்கோ அண்ணை."

"குளிசையை விட்டால் உயிருக்கு ஆபத்து எண்டு நேர்ஸ் சொல்லுறா. ஏன் வரேல்லை?"

"இனி வரமாட்டன்."

"என்ன விசர்க்கதை இது? தொட்டால் வராது, ஒண்டா இருந்து சாப்பிட்டால் வராது எண்டு முதல் நாளே சொன்னனான் எல்லே? குளிசையை எடுத்தால் எல்லாரையும் மாதிரி இருக்கலாம்."

"ஓம், நீங்கள்தான் சொன்னனீங்கள். தமிழில சொன்னபடியால்தான் நம்பினனான். என்ர மனுசன் செத்த பிறகு வீட்டுக்குள்ளயே கிடந்தனான், துணிஞ்சு கோயிலுக்குப் போனன். அன்னதானத்தில சோறு போட நிண்டன்."

விஜயரத்தினம் டையைத் தளர்த்தினார்.

"நீங்களும் உங்கட மனுசி அக்காவும் தட்டோட வரிசையில வந்தனீங்கள். அகப்பை என்ர கையில இருக்கிறதைக் கண்ட உடன, அக்காவையும் இழுத்துக்கொண்டு மற்ற வரிசைக்குப் போயிட்டீங்கள்."

"இல்லை தங்கச்சி, அது..."

"அக்கா திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தவ. எல்லாம் தெரிஞ்ச நீங்களே இப்பிடி எண்டால், தெரியாத சனம் என்னை என்ன செய்யும்? எல்லாரையும் மாதிரி இருக்கலாம் எண்டு சொன்னீங்களே அண்ணை, ஆரை மாதிரி?"

ஸ்பீக்கரில் அவள் விசும்புவது கேட்டது.

"எனக்கு இனிக் குளிசையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை. நான் சொன்னதை அவவுக்குச் சொல்லுங்கோ."

போன் வைக்கப்பட்டது.

நூரியாவின் கண் கலங்கியிருந்தது. மொழி புரியாவிட்டாலும் அழுகை புரியும்தானே.

"என்ன சொன்னார்? இவ்வளவு நேரம் பேசினாரே?"

விஜயரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர நேரமில்லையாம்."

நூரியா அதைச் சொன்னது சொன்னபடி கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டாள்.