ராசியான படகு

பெண்கள் பாய்மரப் போட்டியின் இறுதிச் சுற்றில் இரண்டே படகுகள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அணிகள் படகை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஜெனிட்டாவின் அணி வென்றது. கனத்த குறுக்குமரத்தைத் தாங்கும் கயிறு பாயிடம் முனகியது: "நான் பாதி அறுந்துட்டேன். ஜெனிட்டா பாத்துட்டா."

"நடுவர்கிட்ட சொல்லிடுவா," என்றது பாய்.

ஜெனிட்டா சொல்லவில்லை. அறுந்த இடத்தைப் பாயின் மடிப்புக்குள் மறைத்துவிட்டு இறங்கினாள். அடுத்து ஏறுவது எதிரணிதானே!

எதிரணி ஓட்டி வென்றது. கயிறு எப்படியோ தாங்கியது. ஆளுக்கொரு வெற்றி என்பதால் மூன்றாவது ஓட்டம். படகு மறுபடி ஜெனிட்டாவிடம் வந்தது.

"இப்பவாவது சொல்வா," என்றது பாய்.

"முதல்லயே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே," என்றது கயிறு.

ஜெனிட்டா வாய் திறக்கவில்லை. குறுக்குமரத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்த அவள் தங்கை, "நமக்கு ராசியான படகுக்கா!" என்று சிரித்தாள்.

காற்று வலுத்தது.