முதுகில் ஒரு பெயர்

"இதுல மனுசன் படுப்பானா?"

மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி கேட்டார் அருள்ராஜ். பின்னால் வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வளைகுடாத் தமிழர் மன்றத் தலைவர் தேர்தலில் புதிதாகக் குதித்திருக்கும் கோடீஸ்வரர் அவர். கையில் மூன்று கம்பெனி. காலில் துபாய் சோனாப்பூரின் தொழிலாளர் கேம்ப் மண் படுவது இதுதான் முதல் தடவை.

"பன்னெண்டு பேருக்கு ஒரு ரூமுங்கய்யா. ஏசி செத்து ரெண்டு கோடை ஆச்சு. ஈரத் துண்டப் போத்திக்கிட்டுத்தான் படுக்குறோம்" என்றான் கார்மேகம்.

"அய்யா என்ன அய்யா? அண்ணன்னு கூப்பிடு! ஒம்பது வருசமா தலைவரா இருக்காரே தேவசுந்தரம், அவரு என்ன கிழிச்சாரு?"

"எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் பிரியாணி போடுவாருண்ணே. லெக் பீஸ் மட்டும் அவரு கோஷ்டிக்குப் போயிரும்."

அறையே சிரித்தது. அருள்ராஜ் கேமராவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கொடுமையைப் பண்றவன் எவன்? கம்பெனி பேரைச் சொல்லு தம்பி. மேடை போட்டு நாறடிக்கிறேன். நாளைக்கே ஏசி வரும்!"

மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தவன் கதி என்னவாகும் என்று கார்மேகத்துக்கும் தெரியும். ஆனாலும் இந்த வெக்கை! அதிலும் இவ்வளவு பெரிய மனிதர் வலிய வந்து கேட்கும்போது?

"ஃபோர்மேன் வாயில கெட்ட வார்த்ததாண்ணே வரும், கம்பெனி பேரு வராது. எனக்கு இங்கிலீசும் தெரியாது. நீங்களே படிச்சுக்கங்க."

கொடியில் காய்ந்த டூட்டிச் சட்டையை உருவி, முதுகுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

அருள்ராஜ் படித்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது.

"கேமராவை ஆஃப் பண்ணு."

"பெரிய இடமாண்ணே?"

"பெரிய இடந்தான்." கார்மேகத்தின் தோளில் கை போட்டார். "உன் பேர் என்ன தம்பி?"

ஒன்பது வருடத்தில் தேவசுந்தரம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. "கார்மேகம்ணே!" என்றான். பன்னிரண்டு ஓட்டும் இவருக்கே என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அருள்ராஜ் வராந்தாவுக்குப் போய் செல்போனைக் காதில் வைத்தார்.

"ஆமா, நம்ம கேம்ப்தான்..."

வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் 'நம்ம கேம்ப்' என்கிறாரே! கார்மேகத்துக்குக் கண் கலங்கியது.

"...பேரு கார்மேகம். விசாவை கேன்சல் பண்ணி, நாளைக்கே ஃபிளைட் ஏத்திடு."