நானூறு லைக் வாங்கிய படம்

“அண்ணே, நீங்க நகர வேண்டாம். அங்கயே நில்லுங்க. இந்த லென்ஸ்ல நீங்க தெரியவே மாட்டீங்க” என்றேன்.

கேமரா வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வத்திராயிருப்புத் தோப்பில் மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஞானரத்தினம் மதினியின் முகத்தை எடுத்தேன். பின்னால் இருந்த மரம், கூடை, அவர் கணவர் பால்துரை அண்ணன் எல்லாம் புகையாய்க் கரைந்துபோயின. யூடியூபில் படித்த வித்தை பலித்துவிட்டது. நானூறு லைக்!

மூன்று மாதம் கழித்து, இராஜபாளையத்தில் என் வீட்டைத் தேடி மதினி வந்தார்.

“மெர்வினு, அந்தப் படம் வேணும்யா.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்ததையே கழற்றிக் கொடுத்தேன்.

அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் மங்கலாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த இடத்தக் கொஞ்சம் தெளிவாக்க முடியுமாய்யா?”

“அது பேக்ரவுண்டு, மதினி. தெளிவாத் தெரியக் கூடாது. அதுதான் அழகே.”

“உங்க அண்ணன் தவறி நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. முன்னால வைக்க ஒரு படம் இல்ல. ஆதார்ல இருக்கது அவிய மாதிரியே இல்ல. போட்டோன்னாலே ஓடிருவாவ. அன்னைக்கு நீ நில்லுங்கன்னு சொன்னதாலதான், சட்டைய இழுத்துவிட்டுச் சிரிச்சுக்கிட்டே நின்னாவ.”

அண்ணன் தவறியதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை; குனிந்து படத்தைப் பார்த்தேன். அவர் விரலுக்குக் கீழே, ‘மெர்வின் போட்டோகிராஃபி’ என்று நான் போட்டிருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது.