எல்லோருக்கும் ஒரே மாடல்

“இந்த மாடலையா கேக்குறாங்க? நர்சிங் ஸ்கூல்லயா?” கடைக்காரர் சிரித்தேவிட்டார். “சார், இந்த டேப் கம்ப்யூட்டரை அந்தக் கம்பெனியே மறந்துடுச்சு.”

நோட்டீஸ்காரர் கண்ணாடி மேசையில் கையூன்றிக் குனிந்தார். ஆலை மூடும்வரை தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். எதற்கெடுத்தாலும் துண்டறிக்கை அடிப்பார் என்பதால் வந்த பட்டம். ஆலை போய்விட்டது, பட்டம் போகவில்லை.

“உங்களுக்கும் அந்த ஸ்கூல் முதல்வர் அம்மாவுக்கும் என்ன ஏற்பாடு? உண்மையைச் சொல்லுங்க.”

“ஏற்பாடா! இதுல எனக்கு ஒண்ணும் நிக்காது சார். பழைய சாமான்ல தேடிப்பிடிச்சு, தட்டித் துடைச்சுக் கொடுக்கணும். இதோ, இந்தப் புதுசைப் பாருங்க. கிளவுஸ் போட்ட கையால தொட்டாலும் வேலை செய்யும். மருந்து அளவு, ட்ரிப்ஸ் வேகம், எல்லாம் பட்டுனு சொல்லும். இதை வாங்கச் சொல்லியிருந்தா எனக்கும் லாபம், பிள்ளைங்களுக்கும் வசதி.”

“அப்போ கமிஷன் கிடையாது?”

“கமிஷன் கொடுக்கிறவன் இந்தக் குப்பையையா விப்பான்?”

நோட்டீஸ்காரருக்குப் பிடிபடவில்லை. மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தால் யாரோ ஒருவர் பை நிறைகிறது என்று அர்த்தம். அது அவர் அடிபட்டுக் கற்ற பாடம். மாணவிகள் எல்லோரும் இந்த ஒரே மாடலைத்தான் வாங்க வேண்டும் என்ற உத்தரவில் யார் பை?

பக்கத்தில் நின்ற மகள் அவர் சட்டை நுனியை இழுத்தாள்.

“விடுங்களேன்ப்பா. நம்மகிட்டதான் இந்த மாடல் ஏற்கெனவே இருக்கே. சித்தி கொடுத்தது.”

“அதனாலதான் கண்ணு நான் பேசணும். எனக்கு இதுல சொந்த லாப நஷ்டம் இல்ல. எவனும் விரல் நீட்ட முடியாது.”

“படிப்பு முடியிற வரைக்கும் அந்த மேடம்கிட்டதான்ப்பா நான் இருக்கணும். என் படிப்புல விளையாடாதீங்க.”

“நியாயம் கேட்டா படிப்பைப் பிடுங்கிடுவாங்களா? அதையும் பார்த்துடுவோம்!”

“உங்களுக்கென்ன, பேசிட்டுப் போயிடுவீங்க” என்று முனகினாள் அவள்.

மறுநாள் காலை, மற்ற பெற்றோரையும் திரட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குள் நுழைந்தார். அந்த அம்மாள் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேசையோரம் மாணவிகள் குளிப்பாட்டிப் பழகும் பிளாஸ்டிக் குழந்தை மல்லாந்து கிடந்தது.

“எல்லாரும் ஒரே மாடல்தான் வாங்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

“சட்டத்துல இல்ல. நான்தான் சொன்னேன்.”

“காரணம்?”

“எல்லார் கையிலயும் ஒரே கருவி இருந்தா சொல்லிக்கொடுக்கச் சுலபம்.”

“அப்போ எல்லாரையும் ஒரே மாதிரி நல்ல மாடலா வாங்கச் சொல்லலாமே! இந்த ஓட்டைதான் கிடைச்சுதா? விலை கம்மின்னு சொல்லாதீங்க. கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா வாங்க இவங்க தயாரா இருக்காங்க.”

முதல்வரின் கை நின்றது. “இன்னொரு காரணமும் இருக்கு. அதை இங்க சொல்ல முடியாது.”

“பார்த்தீங்களா!” நோட்டீஸ்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரல் பழைய ஆலை வாசலுக்கே போய்விட்டது. “சொல்ல முடியாதாம்! வெளியில சொல்ல முடியாத முடிவுக்குப் பேர் என்ன? என் பொண்ணுகிட்ட இந்த மாடல் ஏற்கெனவே இருக்கு. நான் எனக்காகப் பேசல. இவங்க பிள்ளைங்களுக்காகப் பேசுறேன்!”

“நல்லாக் கேளுங்கண்ணே!” என்றாள் ஒரு தாய்.

முதல்வர் அவரையே சற்று நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாதது நோட்டீஸ்காரருக்கு விசித்திரமாக இருந்தது.

“உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தீங்களா சார்?”

“அவளை எதுக்கு இழுக்குறீங்க? மிரட்டிப் பார்க்கிறீங்களா?”

“ஐயோ, இல்ல.” அவர் துணிச் சுருளை மேசையில் வைத்தார். “சரி. அவங்கவங்க விருப்பப்படி வாங்கிக்கலாம்.”

வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அப்படியே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த டேப் கடைக்குள் புகுந்தார்கள். மாணவிகள் புதுப்புது டேபைத் தூக்கிப் பிடித்து ஒருத்திக்கொருத்தி காட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

பேருந்து நிறுத்தத்தில் மகள் அதைப் பார்த்தபடியே நின்றாள். நோட்டீஸ்காரர் தாடையைச் சொறிந்தார். ஜெயித்த தெம்பு அவர் முகத்தில் இல்லை.

“ஆலையில ஒரு குடிதண்ணிக் குழாய்க்கு எங்களை எத்தனை நாள் வெயில்ல நிக்க வச்சான் தெரியுமா? இந்த அம்மா ஒரே பேச்சுல இறங்கிட்டாங்க. கமிஷனும் வாங்கல, வீம்பும் பிடிக்கல. அப்புறம் எதுக்குக் கண்ணு இந்த ஓட்டை மாடலைக் கட்டிக்கிட்டு நின்னாங்க?”

மகள் பையிலிருந்து தன் டேபை எடுத்தாள். விரிசல் விட்ட மூலையில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை விரலால் அழுத்தினாள்.

“சேர்ந்த அன்னைக்கு எல்லாரும் என்ன புது டேப் வாங்கலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நான் இதை நோட்டுக்கு அடியில மறைச்சேன். மேடம் பார்த்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல. இது என்ன மாடல்னு மட்டும் மெதுவாக் கேட்டாங்க. அடுத்த நாள்தான்ப்பா அந்த உத்தரவு வந்துச்சு.”